பொருளாதார மந்தநிலையில் ஒரு பார்வையிழப்பு அறக்கட்டளை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் மத்தியப் பகுதியில் உள்ள ஒரு நகரத்தில், பார்வையிழந்தோருக்காக இயங்கும் சிறிய சங்கம் ஒன்றின் பொருளாளராக 2007 முதல் ஏழு ஆண்டுகள் இருந்தேன். பொறுப்பேற்ற மறு ஆண்டே பிரித்தானியாவை மந்தநிலை பிடித்துக்கொண்டது. 2008-ன் இரண்டாம் காலாண்டு தொடங்கி ஐந்து காலாண்டுகள் தொடர்ந்து நாட்டின் உற்பத்தி சுருங்கியது. சங்கத்தின் கணக்குப் புத்தகத்தோடு நான் பட்ட பாட்டை அறிந்தவர்கள் கேட்ட கேள்விகளையும், நான் சொன்ன விடைகளையும், அப்போது சொல்லத் தெரியாமல் பிறகு புரிந்துகொண்ட சிலவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். விலைவாசி ஏறி நன்கொடை சுருங்கும்போதெல்லாம் இதே கேள்விகள் திரும்ப வருகின்றன.

மந்தநிலை எல்லோரையும்தானே பாதிக்கிறது? அறக்கட்டளைக்கு மட்டும் தனிக் கஷ்டம் என்ன?

ஒரு துணிக்கடையில் கூட்டம் குறைந்தால், கடைக்காரர் சரக்கு எடுப்பதையும் குறைத்துக்கொள்வார். வரவோடு செலவும் ஓரளவு இறங்கும். எங்களுக்கு இது தலைகீழாக நடந்தது. வரவு குறையக் குறைய, வாசலில் வந்து நிற்பவர்களின் எண்ணிக்கை கூடியது. அவர்களில் ஒவ்வொருவரும் எங்களுக்குச் செலவே தவிர வருமானம் அல்ல. பார்வை மங்கிக்கொண்டே வந்தும் எப்படியோ சமாளித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், நிறுவனம் ஆட்களைக் குறைத்தபோது வேலையை இழந்தார். இழந்த பிறகுதான் தம் கண்ணைப் பற்றி வெளியே பேசவே தொடங்கினார். வேலை செய்யும் வயதிலுள்ள பார்வையிழந்தோரில் நால்வரில் ஒருவருக்குத்தான் வேலை இருக்கிறது என்பது ஆர்.என்.ஐ.பி. (பார்வையற்றோருக்கான தேசிய அறக்கட்டளை) பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் கணக்கு. அப்படிப்பட்டவர் ஒரு வேலையை இழந்தால் அடுத்த வேலை கிடைப்பது எவ்வளவு அரிது என்பதை அந்த ஒரு கணக்கே சொல்லிவிடும்.

இன்னொன்றும் உண்டு. கண்ணின் பின்திரையைத் தாக்கும் முதுமை நோய், கண் அழுத்த நோய், நீரிழிவால் வரும் விழித்திரைப் பாதிப்பு ஆகியவை பங்குச் சந்தையைப் பார்த்துக்கொண்டு வருவதில்லை. பிரித்தானியாவில் பார்வையிழப்போடு வாழ்பவர்கள் சுமார் 20 லட்சம் பேர். முதியோர் தொகை பெருகப் பெருக இந்த எண்ணும் ஏறும்.

இந்த அமைப்புகளுக்குப் பணம் எங்கிருந்துதான் வருகிறது?

முதலில், எல்லாம் ஒரே அளவிலான அமைப்புகள் அல்ல. 1868-ல் பார்வையிழந்த மருத்துவர் தாமஸ் ரோட்ஸ் ஆர்மிடேஜ் தொடங்கியதுதான் இன்றைய ஆர்.என்.ஐ.பி.; நாடு முழுவதும் பரவிய பெரிய நிறுவனம் அது. 1931-ல் வாலசி நகரில் முதல் நான்கு நாய்களைப் பழக்கியதிலிருந்து வளர்ந்தது வழிகாட்டி நாய்கள் சங்கம். நாயைப் பெறுபவரிடம் பெயருக்கு 50 பென்ஸ் மட்டும் வாங்குவார்கள். இவற்றுக்குக் கீழே, மாவட்டத்துக்கு ஒன்றும் நகரத்துக்கு ஒன்றுமாக எங்களைப் போன்ற உள்ளூர்ச் சங்கங்கள் இருக்கின்றன. அவற்றில் பல நூறு வயதைத் தாண்டியவை. ஆனால் ஊழியர்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம்.

எங்களுக்கு வருமானம் ஐந்து வாய்க்கால்களில் வந்தது: இறந்தவர்கள் உயிலில் எழுதிவைத்த கொடை, உயிரோடிருப்பவர்கள் தரும் நன்கொடை, கவுன்சிலின் ஒப்பந்தத் தொகை, வங்கி வட்டியும் முதலீட்டு வருவாயும், கடைசியாக விழா, உண்டியல், பழம்பொருள் விற்பனை. கவுன்சில் பணம் தர்மமாக வருவதன்று. பார்வையிழந்தோரின் பதிவேட்டைப் பராமரிப்பதும் அவர்களுக்கான சேவைகளை ஏற்பாடு செய்வதும் 1948-ன் தேசிய உதவிச் சட்டத்தின் கீழ் உள்ளாட்சியின் பொறுப்பாக இருந்தது. இங்கிலாந்தில் இப்போது 2014-ன் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் பதிவேட்டுக் கடமை தொடர்கிறது. அந்த வேலையைப் பல கவுன்சில்கள் உள்ளூர்ச் சங்கத்திடமே கொடுத்து, அதற்குரிய தொகையைத் தந்துவந்தன.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் உண்டியலைத்தான் பார்க்கிறார்கள். எங்கள் கணக்கில் உண்டியல் ஓர் ஓரத்து வரி. சங்கம் நின்றது உயில் கொடையாலும் கவுன்சில் ஒப்பந்தத்தாலும்தான். மந்தநிலை இந்த இரண்டையும் தாக்கியது, ஆனால் உடனே தாக்கவில்லை. அதைத்தான் நான் புரிந்துகொள்ளத் தவறினேன்.

மந்தநிலையில் மக்கள் இறப்பது குறைவதில்லையே, உயில் கொடை ஏன் குறைய வேண்டும்?

இதைக் கேட்டவர் சற்றுத் தயங்கித்தான் கேட்டார். ஆனால் பொருளாளர்கள் இதை நாள்தோறும் நினைப்பவர்கள்.

உயிலில் இரண்டு வகைக் கொடை உண்டு. "இந்தச் சங்கத்துக்கு 500 பவுண்டு" என்று தொகை குறித்து எழுதுவது ஒன்று. "மற்றவர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சுவதில் ஒரு பங்கு" என்று எழுதுவது இன்னொன்று. பெரும்பணம் வருவது இரண்டாவது வகையில்தான்; அடி விழுவதும் அதில்தான். எடுத்துக்காட்டாக, ஒருவர் 2,00,000 பவுண்டு மதிப்புள்ள வீட்டை விட்டுச்செல்கிறார், அதில் 1,20,000 பவுண்டு உறவினர்களுக்குத் தொகை குறித்து எழுதப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 80,000 அறக்கட்டளைக்கு. வீட்டு விலை 15 சதவீதம் விழுந்தால் போவது 30,000. உறவினர்களின் பங்கு அப்படியே இருக்க, அந்த முழு நட்டமும் மிச்சத்தின் தலையில் விழுந்து, அறக்கட்டளைக்கு 50,000 மட்டுமே கிடைக்கும். வீடு இழந்தது 15 சதவீதம், நாங்கள் இழப்பது 37 சதவீதத்துக்கும் மேல். 2007-ன் இறுதிக்கும் 2009-ன் தொடக்கத்துக்கும் இடையில் பிரித்தானிய வீட்டு விலைகள் 15 சதவீதத்துக்கும் அதிகமாக இறங்கின.

விலை மட்டும் அல்ல, காலமும் ஒரு சிக்கல். சந்தை உறைந்துவிட்டால் வீடு விற்காது. வீடு விற்காமல் உயிலின் கணக்கு முடியாது. 2008-ல் இறந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் கொடை எங்கள் கைக்கு வந்தது 2010-ல். ஆகவே மந்தநிலையின் முதல் ஆண்டில் எங்கள் வரவேட்டைப் பார்த்தவர்களுக்கு எதுவும் கெட்டுப்போனதாகவே தெரிந்திருக்காது. அந்த ஆண்டு நாங்கள் செலவழித்தது அதற்கு முந்தைய நல்ல காலத்தில் முடிந்த உயில்களின் பணத்தை.

வங்கியில் போட்ட பணம் பத்திரமாகத்தானே இருந்திருக்கும்?

பத்திரமாக இருந்தது, ஆனால் குட்டிபோடவில்லை. 2008 அக்டோபர் தொடக்கத்தில் 5 சதவீதமாக இருந்த இங்கிலாந்து வங்கியின் வட்டி விகிதம், 2009 மார்ச்சில் 0.5 சதவீதத்துக்கு வந்து பல ஆண்டுகள் அங்கேயே கிடந்தது. வீட்டுக்கடன் வாங்கியவர்களுக்கு அது நிம்மதி. வங்கியில் 2,00,000 பவுண்டை வைத்துக்கொண்டு அதன் வட்டியில் ஒரு பகுதிநேர ஊழியருக்குச் சம்பளம் கொடுக்கும் சங்கத்துக்கோ, ஆண்டுக்கு 10,000 வந்த இடத்தில் 1,000 வரத் தொடங்கியது.

எல்லோருடைய பணமும் பத்திரமாகவும் இல்லை. நல்ல வட்டி தந்த ஐஸ்லாந்து வங்கிகளில் பிரித்தானிய அறக்கட்டளைகள் பல வைப்பு வைத்திருந்தன. 2008 அக்டோபரில் அவ்வங்கிகள் கவிழ்ந்தபோது, பூனைகளைக் காக்கும் அமைப்பு முதல் குழந்தைகளுக்கான ஹாஸ்பிஸ் (இறுதிக்காலப் பராமரிப்பு இல்லம்) வரை, ஏறத்தாழ 12 கோடி பவுண்டு சிக்கிக்கொண்டது. தனிமனிதர்களின் சேமிப்புக்கு அரசு முழு ஈடு கொடுத்தது. பெரிய அறக்கட்டளைகளுக்குக் கொடுக்கவில்லை. பாட்டியின் சேமிப்புக்கு ஒரு நியாயம், அதே பாட்டி தர்மத்துக்குக் கொடுத்த பணத்துக்கு இன்னொரு நியாயமா என்று எங்கள் தலைவர் கேட்டது சரியான கேள்வி என்றே இன்றும் நினைக்கிறேன். எங்கள் பணம் அங்கே இல்லை. அதற்குக் காரணம் எங்கள் சாமர்த்தியம் அல்ல, சோம்பல். கணக்கை வேறு வங்கிக்கு மாற்றும் படிவத்தை யாரும் நிரப்பவில்லை.

அறக்கட்டளைகளுக்கு வரிச் சலுகை உண்டே?

உண்டு, ஓட்டையும் உண்டு. வருமான வரி கட்டுபவர் கிஃப்ட் எய்ட் படிவத்தில் கையெழுத்திட்டு ஒரு பவுண்டு கொடுத்தால், அவர் கட்டிய வரியிலிருந்து 25 பென்ஸை அரசு அறக்கட்டளைக்குச் சேர்த்துத் தரும். 2008 ஏப்ரல் வரை அது 28 பென்ஸாக இருந்தது. அடிப்படை வரி 22-லிருந்து 20 சதவீதமாக இறங்கியபோது இதுவும் தானாகவே இறங்கியது. விடுபட்ட 3 பென்ஸை மூன்று ஆண்டுகளுக்கு அரசே ஈடுகட்டி, 2011 ஏப்ரலில் நிறுத்தியது.

வாட் வரி இதைவிடக் கொடியது. வணிக நிறுவனம் தான் கட்டிய வாட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும். இலவசச் சேவை செய்யும் அறக்கட்டளையால் பெரும்பாலும் முடியாது. 17.5 சதவீதமாக இருந்த வாட் 2011 ஜனவரியில் 20 ஆனது. தொலைபேசிக் கட்டணம், கூரைப் பழுது, கணினி என்று எங்கள் செலவு எல்லாவற்றிலும் அந்த 2.5 சதவீதம் ஏறியது.

கையிருப்பு வைத்துக்கொண்டே பணமில்லை என்று கையேந்துவது சரியா?

ஆண்டறிக்கையைப் படித்துவிட்டுக் கோபத்தோடு கேட்பவர்கள் உண்டு. படிக்கிறார்களே என்று எனக்கு மகிழ்ச்சிதான். அறிக்கையில் காணும் மொத்தத் தொகை மூன்று வேறு பொருள்களின் கூட்டல். ஒரு பகுதி கட்டடம். அதைச் செங்கல் செங்கலாக எடுத்துச் சம்பளம் கொடுக்க இயலாது. இன்னொரு பகுதி, கொடுத்தவர் நிபந்தனையோடு கொடுத்தது. "பார்வையற்ற குழந்தைகளின் கோடைச் சுற்றுலாவுக்கு மட்டும்" என்று எழுதிக் கொடுத்த பணத்தை எடுத்து மின் கட்டணம் கட்டினால் அது நம்பிக்கை மோசடி, சட்டமும் அப்படியே சொல்கிறது. மீதி இருப்பதுதான் உண்மையான கையிருப்பு. எங்களிடம் அது ஐந்து மாதச் செலவுக்கு இருந்தது.

கையிருப்பு மழைக்காலத்துக்கு வைத்த குடை என்பார்கள். மழை வந்தபோது அதை விரிக்க அறங்காவலர்களுக்கு மனம் வரவில்லை என்பதே எங்கள் கதை. ஊதியம் வாங்காமல் பொறுப்பு மட்டும் ஏற்கும் அறங்காவலர்கள் பயப்படுவது இயல்பு. கையிருப்பைத் தொட்டால் நாளை என்ன ஆகும் என்று கேட்டார்கள். தொடாவிட்டால் இன்று என்ன ஆகும் என்று கேட்டிருக்க வேண்டியவன் நான், கேட்கவில்லை.

எதை முதலில் வெட்டினீர்கள்?

மினி பஸ்ஸை. 2009 இளவேனிலில்.

செவ்வாய்க்கிழமைதோறும் சங்கத்தின் மண்டபத்தில் உறுப்பினர்கள் கூடுவார்கள். தேநீர், அரட்டை, டோமினோ ஆட்டம். 22 பேர் வருவார்கள், பெரும்பாலோர் 75 வயதைக் கடந்தவர்கள். அவர்களை வீட்டிலிருந்து ஏற்றிவந்து திரும்பக் கொண்டுவிட ஒரு மினி பஸ், ஒரு பகுதிநேர ஓட்டுநர். செலவுப் பட்டியலில் அது தனியாகத் துருத்திக்கொண்டு தெரிந்தது: டீசல், காப்பீடு, பழுது, சம்பளம். கூட்டம் தொடர்ந்து நடக்கும், பயணத்தை மட்டும் அவரவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று நான் முன்மொழிந்தேன், எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். கண் தெரியாதவர்களிடம் "நீங்களே வந்துவிடுங்கள்" என்று சொல்வதன் பொருள் அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் உறைக்கவில்லை. இரண்டு மாதத்தில் 22 பேர் ஆறு பேர் ஆனார்கள். ஆறு பேருக்காக மண்டபத்தைச் சூடேற்றுவது வீண் என்று இலையுதிர்காலத்தில் கூட்டமே நின்றது. ஆகவே நாங்கள் வெட்டியது பஸ்ஸை அல்ல, செவ்வாய்க்கிழமையை.

அதை அறிவித்த கடிதத்தை நினைத்தால் இன்றும் கூசுகிறது. பெரிய எழுத்துப் பதிப்பும் பிரெயில் பதிப்பும் தயாரிக்கும் ஊழியரின் வேலை நேரத்தை அதே மாதம்தான் பாதியாக்கியிருந்தோம். அவசரத்தில் கடிதம் சாதாரணச் சிறிய எழுத்தில் அச்சாகிப் போய்விட்டது. பார்வையிழந்தோர் சங்கம் பார்வையிழந்தவர்களுக்கு அனுப்பிய கடிதத்தை, அவர்கள் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டச் சொன்னார்கள். தம் சேவை நின்றுவிட்டது என்பதை அயலார் வாயால் கேட்க நேர்ந்தது.

வெட்டாமல் இருந்தது எது?

மறுவாழ்வு அலுவலரின் பணியிடம். அது ஒன்றையாவது சரியாகச் செய்தோம்.

புதிதாகப் பார்வை இழந்தவரின் வீட்டுக்குப் போய், மறுபடி வாழக் கற்றுக்கொடுப்பவர் இவர். வெள்ளைக் கைத்தடியை இடமும் வலமும் வீசி நடப்பது, சாலையைக் கடக்கும் முன் காதால் அளப்பது, அடுப்பின் திருகில் புடைப்பு ஒட்டுகளை ஒட்டி விரல் நுனியால் தீயின் அளவை அறிவது எல்லாம் இவர் வேலை. ஒருமுறை நான் உடன் சென்றேன். சர்க்கரை நோயில் பார்வை இழந்த முன்னாள் பஸ் ஓட்டுநர் ஒருவர், ஆறு மாதமாகத் தம் வீட்டில் தாமே தேநீர் போட்டுக் குடித்ததில்லை. வெந்நீர் கையில் கொட்டிவிடும் என்ற பயம். அலுவலர் கோப்பையின் விளிம்பில் ஒரு சிறு கருவியை மாட்டினார். தண்ணீர் விளிம்பை நெருங்கியதும் அது கீச்சிட்டது. மூன்றாம் முறை அவரே ஊற்றி, எங்கள் இருவருக்கும் கொடுத்தார். பால் சற்று அதிகம்.

இத்தொழிலுக்கு இரண்டாண்டுப் படிப்பு தேவை. படித்து வருபவர்கள் நாட்டிலேயே குறைவு. ஒருவரை அனுப்பிவிட்டால், நல்ல காலம் திரும்பி விளம்பரம் கொடுத்தாலும் ஆள் கிடைக்காது. விதை நெல்லைக் குத்திச் சமைத்தால் அன்றைக்குப் பசி ஆறும், அடுத்த போகத்துக்கு வயல் தரிசாகும். பஸ்ஸும் ஒரு வகையில் விதை நெல்தான் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

பேசும் செய்தித்தாள் போன்றவை இந்தக் காலத்திலும் தேவைதானா?

உள்ளூர்ச் செய்தித்தாளைத் தொண்டர்கள் வாராவாரம் படித்துப் பதிவுசெய்து, பார்வையிழந்தவர்களின் வீட்டுக்கு அஞ்சலில் அனுப்புவார்கள். பிரித்தானியாவில் இந்த வழக்கம் 1970-ல் வேல்ஸின் அபரிஸ்த்வித் நகரில் தொடங்கியது. முன்பு ஒலிநாடா, பிறகு நினைவுக் குச்சி. மஞ்சள் உறையில் வரும். கேட்டு முடித்ததும் முகவரி அட்டையைத் திருப்பிச் செருகி அஞ்சல் பெட்டியில் போட்டுவிடலாம். பார்வையற்றோருக்கான பொருள்களை ராயல் மெயில் இலவசமாகவே எடுத்துச்செல்கிறது.

கைபேசியிலேயே எல்லாம் கிடைக்கிறதே என்பவர்கள், 80 வயதில் பார்வை இழந்தவரிடம் தொடுதிரையைக் கொடுத்துப் பார்க்கட்டும். செலவு என்று பார்த்தால் இதை நிறுத்துவதில் மிச்சமாவது மிகச் சொற்பம். கண்ணுக்குத் தெரியும் சேவை என்பதாலேயே வெட்டுப் பட்டியலில் முதலில் ஏறிவிடுகிறது.

ஊழியர்களை நீக்கும்போது நியாயமாக நடந்துகொண்டீர்களா?

நடந்துகொள்ள முயன்றோம். எங்கள் ஊழியர்களில் இருவர் பார்வையிழந்தவர்கள். யாரை வைத்துக்கொள்வது என்பதற்கான மதிப்பீட்டுப் படிவத்தை எங்களுக்கு ஆலோசனை சொன்னவர் ஸ்கேன் செய்து அனுப்பினார். அது வெறும் படம் என்பதால் திரை வாசிப்பு மென்பொருளால் ஒரு சொல்லைக்கூடப் படிக்க முடியவில்லை. தம் வேலையைத் தீர்மானிக்கும் தாளைத் தாமே படிக்க இயலாத நிலையில் ஓர் ஊழியரை வைத்துவிட்டோம். அவர் சுட்டிக்காட்டிய பிறகு, எல்லாவற்றையும் நிறுத்தி, படிவத்தைத் தட்டச்சு செய்து, அவகாசத்தை நீட்டித்து மறுபடி தொடங்கினோம். பெரிய அறக்கட்டளைகளில் இதற்கெல்லாம் தனித் துறை இருக்கிறது. சிறிய இடங்களில் யாராவது ஒருவர் எழுந்து சொன்னால்தான் உண்டு.

வேலையிழந்தவர்கள் நிறையப் பேர் தொண்டர்களாக வந்திருப்பார்களே?

வந்தார்கள், வேலை கிடைத்ததும் போனார்கள். தொண்டரைச் சரிபார்க்க, பயிற்றுவிக்க, பயணப்படி கொடுக்கச் செலவு உண்டு என்பதைச் சொல்லி இதை முடித்துக்கொள்கிறேன்.

சின்னச் சின்னச் சங்கங்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் செலவு குறையாதா?

குறையும், சில இடங்களில். பார்வையற்றோருக்கான தேசிய நூலகம் 2007-ல் ஆர்.என்.ஐ.பி.யோடு இணைந்தது. பிரெயில் நூல்களுக்கு இரண்டு நூலகங்கள், இரண்டு கிடங்குகள், இரண்டு பட்டியல்கள் எதற்கு என்ற கேள்விக்கு அது நல்ல விடை. மந்தநிலையின் நடுவில், 2009-ல், ஆக்‌ஷன் ஃபார் பிளைண்ட் பீப்பிள் என்ற பழைய அமைப்பு ஆர்.என்.ஐ.பி.யின் துணை அமைப்பாகி, 2017-ல் முழுமையாக அதற்குள் கலந்தது. அதே 2017-ல் 1838-ல் பிறந்த பார்வையற்றோருக்கான லண்டன் ராயல் சங்கமும் சேர்ந்தது.

எங்களுக்கும் பக்கத்து மாவட்டச் சங்கத்தோடு பேச்சு நடந்தது. கணக்காளர், கணினி, காப்பீடு ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்ள ஒப்புக்கொண்டோம், பெயரைக் கலைக்கவில்லை. காரணம் வறட்டுக் கௌரவம் மட்டும் அல்ல. எங்கள் உயில் கொடைகளில் பெரும்பாலானவை ஊர்ப்பெயரைப் பார்த்து எழுதப்பட்டவை; ஊர்ப்பெயர் போனால் அந்த ஊற்றும் போய்விடும் என்ற அச்சம் நியாயமானது. நிர்வாகத்தைச் சேர்த்துக்கொள்வதும் வாசலைத் தனித்தனியாக வைத்துக்கொள்வதும் சிறு அமைப்புகளுக்கு ஏற்றது என்பது என் கருத்து. இணைப்பு வல்லுநர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை.

மந்தநிலை 2009-ல் முடிந்த பிறகும் ஏன் அழுதீர்கள்?

ஏனென்றால் எங்களுக்கு அது 2011-ல்தான் வந்தது. 2010 அக்டோபரில் அரசு அறிவித்த செலவுச் சீராய்வு, உள்ளாட்சிகளுக்கு மத்திய அரசு தரும் பணத்தை ஆழமாகக் குறைத்தது. கவுன்சில் எங்கள் ஒப்பந்தத்தை ரத்து செய்யவில்லை. தொகையை உறையவைத்தது, அடுத்த ஆண்டு குறைத்தது. உறைந்த தொகை என்பது நிலையான தொகை அன்று: 2011 செப்டம்பரில் பணவீக்கம் 5.2 சதவீதத்தைத் தொட்டது. அதே ஆண்டு ஜனவரியில் வாட் உயர்வு, ஏப்ரலில் கிஃப்ட் எய்ட் ஈட்டுத்தொகை நிறுத்தம், இறங்கிய விலைக்கு விற்ற வீடுகளின் உயில் கொடை, வட்டி ஏறக்குறைய ஒன்றுமில்லை. செய்தித்தாள்கள் மீட்சி என்று எழுதிக்கொண்டிருந்த நாளில் எங்கள் மேசையில் எல்லாம் ஒருசேர வந்து விழுந்தன.

2009-ல் பயந்து வெட்டியதன் விலை அப்போதுதான் தெரிந்தது. முதல் ஆண்டில் உண்மையில் எங்களுக்குப் பணமுடை இல்லை, பயம்தான் இருந்தது. அந்த ஓராண்டை யோசிக்கவும், கவுன்சிலோடு நீண்ட ஒப்பந்தம் பேசவும், கையிருப்பை எந்த மாதம் எவ்வளவு எடுப்பது என்று திட்டமிடவும் பயன்படுத்தியிருக்கலாம். செவ்வாய்க்கிழமையை மூடிவிட்டதால், 2011-ல் கவுன்சில் அதிகாரி "உங்கள் சேவையால் எத்தனை பேர் பயன்பெறுகிறார்கள்?" என்று கேட்டபோது, சொல்ல எங்களிடம் எண்ணிக்கையும் குறைந்திருந்தது.

இல்லாத காசில் பிரசாரம் எதற்கு?

என் கணக்குப்படி, செலவழித்த பவுண்டுக்கு மிக அதிகம் திரும்பி வந்தது அதில்தான். முதுமையில் வரும் ஒருவகை விழித்திரை நோய்க்கு லூசென்டிஸ் என்ற ஊசி மருந்து வந்தபோது, செலவைக் காட்டி, முதல் கண் போன பிறகு இரண்டாம் கண்ணுக்குக் கொடுக்கலாம் என்ற அளவில் 2007-ல் மருந்துகளை மதிப்பிடும் நைஸ் அமைப்பின் வரைவுப் பரிந்துரை அமைந்தது. ஆர்.என்.ஐ.பி. உள்ளிட்ட அமைப்புகளும் நோயாளிகளும் எதிர்த்துப் போராடினார்கள்; 2008 ஆகஸ்டில் வந்த இறுதி முடிவு அந்த நிபந்தனையைக் கைவிட்டது. அடுத்து, நடமாட்டத்துக்கான உதவித்தொகையின் உயர்ந்த விகிதம், கால் நடக்கும் என்பதற்காகவே பார்வையிழந்தோருக்கு மறுக்கப்பட்டு வந்தது. மந்தநிலையின் நடுவிலேயே, 2009-ல், சட்டம் திருத்தப்பட்டு, 2011 ஏப்ரலில் கடுமையான பார்வையிழப்பு உள்ளவர்களுக்கு அது கிடைக்கத் தொடங்கியது. எங்கள் உறுப்பினர்கள் எம்.பி.க்களுக்கு எழுதிய கடிதங்களுக்கு ஆன செலவு அஞ்சல்தலைக் காசு.

இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

தெற்காசியர்களிடையே சர்க்கரை நோய் அதிகம். சர்க்கரை நோய் முற்றினால் விழித்திரை கெடும். 12 வயதும் அதற்கு மேலும் உள்ள சர்க்கரை நோயாளிகளுக்கு என்.எச்.எஸ். (தேசிய சுகாதாரச் சேவை) இலவசக் கண் பரிசோதனை அளிக்கிறது. கடிதம் வந்தால் போக வேண்டும். பார்வை மிகவும் குறைந்துவிட்டால், கண் மருத்துவர் சான்றிதழ் எழுதி, கவுன்சில் பதிவேட்டில் பெயர் சேரும். அதிலிருந்துதான் பல உதவிகளுக்கு வழி பிறக்கிறது. நம்மவர்கள் அந்தச் சான்றிதழை அவமானமாக நினைக்கிறார்கள். "அம்மாவுக்குக் கண் கொஞ்சம் மங்கல்தான் அண்ணை, குருடு எண்டு எழுத வேண்டாம்" என்று ஒரு மகன் என்னிடம் தொலைபேசியில் கெஞ்சினார். அதில் "பார்வைக் குறைபாடு", "கடும் பார்வைக் குறைபாடு" என்ற இரண்டே பிரிவுகள்தான் என்று விளக்க அரைமணி ஆனது. பதிவேட்டில் பெயர் இல்லாதவரைக் காட்டி கவுன்சிலிடம் பணம் கேட்பது எந்தச் சங்கத்துக்கும் கடினம்.

நன்கொடை கொடுக்க நினைப்பவர்கள் எப்படிக் கொடுக்கலாம்?

சிறிய தொகையானாலும் மாதாமாதம், நிபந்தனை இல்லாமல், கிஃப்ட் எய்ட் கையெழுத்தோடு. வரி கட்டாதவர் அந்தப் படிவத்தில் கையெழுத்திடக் கூடாது. பெயர் பொறித்த பொருளாகத்தான் கொடுப்பேன் என்பவர்களை நாங்கள் மறுத்ததில்லை. ஆனால் அந்தப் பொருளுக்கு மின்சாரமும் இடமும் யார் கொடுப்பது என்று ஒருமுறை யோசித்துவிட்டுக் கொடுக்கலாம். உயில் எழுதுபவர்கள் கவனிக்க ஒன்று உண்டு: 2012 ஏப்ரலிலிருந்து, வரிக்குரிய சொத்தில் பத்தில் ஒரு பங்கை அறக்கட்டளைக்கு எழுதினால், மீதிக்கான மரபுரிமை வரி 40-லிருந்து 36 சதவீதமாகக் குறையும். வழக்கறிஞரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

அந்த மினி பஸ் திரும்ப வந்ததா?

இல்லை. விற்றுவிட்டோம். 2012-ல் தொண்டர்கள் ஏழு பேர் தங்கள் சொந்தக் காரில் ஏற்றிவர முன்வந்தார்கள். பெட்ரோல் செலவை மட்டும் சங்கம் கொடுத்தது. செவ்வாய்க்கிழமைக் கூட்டம் மறுபடி தொடங்கியது. இந்த முறை அழைப்புக் கடிதத்தைப் பெரிய எழுத்திலும் பிரெயிலிலும் அனுப்பினோம், மற்றவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டோம். பழைய 22 பேரில் ஒன்பது பேர் வந்தார்கள். மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன. நான்கு பேர் இறந்துவிட்டிருந்தார்கள், சிலர் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார்கள், இருவர் இனி வெளியே வரப் பழக்கமில்லை என்று சொல்லிவிட்டார்கள். டோமினோப் பெட்டி மண்டபத்து அலமாரியில் அதே இடத்தில் இருந்தது.